பேர் சொல்லாதது: வசம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வசம்பைப் பற்றி வரும் சந்தேகங்களில் முக்கால்வாசி கைக்குழந்தை இருக்கும் வீடுகளிலிருந்து வருபவை. மிச்சம் விதை சேமிக்கிறவர்கள், பழைய சுவடி வைத்திருப்பவர்கள், தொட்டியில் மூலிகை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்பவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைக் கீழே கொடுத்திருக்கிறோம். குழந்தை விஷயம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நேராக "எப்படிச் சுடணும்" என்ற கேள்விக்குப் போய்விடலாம்.

வசம்பு வேரா, கிழங்கா? கடையில "வேர்"னு சொல்லித்தான் கொடுக்குறாங்க.

பேச்சில் வேர். உண்மையில் அது மண்ணுக்குள் படுத்தபடி ஓடும் தண்டு. இஞ்சியும் மஞ்சளும் அந்த மாதிரிதான். கையில் ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் இலை உதிர்ந்த தழும்புகள் குறுக்கே வரிவரியாக இருக்கும். அடிப்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரிவதுதான் அசல் வேர்கள் இருந்த இடம். அவற்றைத் தேய்த்து நீக்கிவிட்டுத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள்.

தாவரவியல் பெயர் அகோரஸ் கலாமஸ். 1753இல் லின்னேயஸ் வைத்தது. நெடுங்காலம் சேம்புக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். இப்போது தனிக் குடும்பம். நெல், தென்னை, வாழை உள்ளிட்ட ஒருவித்திலைத் தாவரங்களின் வம்சத்தில் முதலில் பிரிந்துபோன கிளை இதுதான்.

ராத்திரியில வசம்புன்னு பேரைச் சொல்லக்கூடாதுங்கிறாங்களே, ஏன்?

பேரைச் சொன்னால் மருந்தின் வீரியம் போய்விடும், குழந்தைக்கு ஆகாது என்பது நம்பிக்கை. அதனால்தான் "பேர் சொல்லாதது", "பேர் சொல்லா மருந்து" என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. "பிள்ளை வளர்ப்பான்" என்றும் சொல்வார்கள். பாம்பைக் கயிறு என்பதும், அம்மை கண்டால் "அம்மா வந்திருக்கிறாள்" என்பதும் இதே பழக்கத்தைச் சேர்ந்தவை. பேரைச் சொல்வதால் மருந்துக்கு ஒன்றும் ஆகாது.

மலையாளத்தில் வயம்பு, கன்னடத்தில் பஜெ, சிங்களத்தில் வதகஹ, இந்தியில் பச். வடமொழிப் பெயர் வசா. அந்தச் சொல்லுக்குப் பேச்சு என்றும் பொருள் உண்டு. பின்னால் வரும் ஒரு கேள்விக்கு இது தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நம்ம ஊர்ச் செடிதானா? எங்கே விளையுது?

ஆசியாவின் சதுப்பு நிலச் செடி. இந்தியாவில் இமயமலை அடிவாரம், மணிப்பூர், நாகாலாந்து பக்கம் தானாகவே வளர்ந்து கிடக்கும். தெற்கே கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கொரட்டகெரெ வட்டாரத்தில், நெல் வயல் போலத் தண்ணீர் கட்டி நெடுங்காலமாகப் பயிர் செய்கிறார்கள்.

ஐரோப்பாவுக்கு இது 16ஆம் நூற்றாண்டில் துருக்கி வழியாகப் போன விருந்தாளி. வியன்னாவில் கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் வளர்த்துப் பல தோட்டங்களுக்குக் கிழங்கு அனுப்பினார். அங்கே இது விதை வைப்பதில்லை. காரணம், அங்கு போய்ச் சேர்ந்த வகைக்கு மரபணுத் தொகுதி இரட்டையாக இல்லாமல் மும்மடங்காக இருக்கிறது. அப்படியிருந்தும் கிழங்குத் துண்டு ஆற்றோடு மிதந்துபோய் ஒதுங்கிய கரையில் எல்லாம் முளைத்துக் கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. இங்கிலாந்தில் அதன் வாசனை இலையைத் தரையில் பரப்பி வைத்தார்கள். கிழங்கைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து மிட்டாயாகவும் தின்றார்கள். வட அமெரிக்காவில் வேறொரு வகை இருக்கிறது. அது இரண்டு மடங்கு உள்ளது, விதை வைப்பது. இந்த மடங்குக் கணக்கு வெறும் தாவரவியல் சுவாரஸ்யம் அல்ல. தடை பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

கடையில வாங்கும்போது நல்ல வசம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சித்தரத்தையும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. சித்தரத்தை செம்பழுப்பு நிறம், கல் மாதிரி கெட்டி, கடித்தால் இஞ்சிக் காரம். வசம்பு வெளியே மங்கிய பழுப்பு, உள்ளே வெளுத்த நிறத்தில் நெட்டி போல லேசானது. கைக்கு எடையே தெரியாது. நாக்கில் பட்டால் முதலில் வாசனை, பிறகு ஒரு கசப்பு, அந்தக் கசப்பு போக நேரமாகும்.

வாங்கும்போது ஒரு துண்டை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வசம்பு சட்டென்று ஒடியும், ஒடித்த இடத்திலிருந்து வாசனை குப்பென்று எழும். வளைந்து கொடுத்தால் ஈரம் போகவில்லை, சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ஒடித்தும் வாசனை வரவில்லை என்றால் வருடக்கணக்கில் கிடந்த சரக்கு. தூளாக வாங்காதீர்கள். எதைக் கலந்தாலும் தெரியாது, வாசனையும் சீக்கிரம் போய்விடும்.

பூச்சியை விரட்டும்னு சொல்ற வசம்புலயே ஏன் புழு விழுது?

நியாயமான கேள்வி. பூச்சியை விரட்டுவது கிழங்கிலுள்ள ஆவியாகும் எண்ணெய். அது இருக்கும்வரைதான் வசம்புக்கு வசம்பு குணம். திறந்து கிடந்தாலும் வெயிலில் கிடந்தாலும் எண்ணெய் பறந்துவிடும், மிஞ்சுவது மாவுச்சத்து. அது புழுவுக்குச் சாப்பாடு.

மூடி இறுகும் கண்ணாடிப் புட்டியில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். வீட்டுக்கு ஒரு வருடத்துக்கு 50 கிராம் தாராளம். ஓட்டை விழுந்த துண்டைக் குழந்தைக்கு உரசாதீர்கள்.

அரிசி, பருப்பு டப்பாவில போட்டு வைக்கலாமா?

முழுத் துண்டுகளைத் துணியில் முடிந்து போடலாம். தூளை நேரடியாகக் கலக்க வேண்டாம். சமையலுக்குப் போகும் தானியம் அது.

விதைக்கு வைத்திருக்கும் பயறு என்றால் கதை வேறு. நன்றாகக் காயவைத்த விதை ஒரு கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் என்ற கணக்கில் புரட்டி, காற்றுப் புகாத கலத்தில் வைப்பார்கள். எண்ணெயில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருள் பூச்சியின் சினைப்பை வளர்ச்சியையே தடுத்துவிடுகிறது, அதனால் முட்டை குறைகிறது. இங்கே பலரும் கோட்டைவிடுவது காலத்தில். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டை வைத்துவிடும், புழு விதைக்குள் துளைத்துப் போய்விடும். உள்ளே போன புழுவை வெளியே பூசிய தூள் ஒன்றும் செய்யாது. அறுவடை முடிந்ததும் காயவைத்து உடனே கலக்க வேண்டும். வண்டு பறக்க ஆரம்பித்த பிறகு கலந்துவிட்டு "வசம்பு வேலை செய்யல" என்று சொல்லிப் பயனில்லை. மருந்து கலந்த விதையைப் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது. கலத்தின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

ஓலைச்சுவடிக்கு வசம்பு போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க வீட்டுல பழைய சுவடிக் கட்டு இருக்கு, எப்படிப் போடுறது?

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கர்ப்பூரம் சேர்த்துச் சின்னத் துணிப் பொட்டலங்களாகக் கட்டிச் சுவடிகளுக்கு அருகில் வைக்கும் வழக்கம் உண்டு. வாசனை குறைந்ததும் பொட்டலத்தை மாற்ற வேண்டும். வீட்டில் நீங்களும் அதையே செய்யலாம்.

பொட்டலம் ஓலையைத் தொடாமல் பெட்டியின் மூலையில் இருக்கட்டும். பொடியை ஓலைமேல் தூவாதீர்கள், எழுத்துக் கீறலில் போய் அடைந்துகொள்ளும். இது பூச்சி வராமல் தடுக்கும் ஏற்பாடு மட்டுமே. ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் கட்டையும், ஒட்டிப்போன ஓலைகளையும் பிரிக்க முயலாமல் சுவடிப் பாதுகாப்புத் தெரிந்தவர்களிடம் கொண்டுபோங்கள்.

வீட்டுல தொட்டியில வளருமா?

வளரும், தண்ணீர் நின்றால். அடியில் ஓட்டையில்லாத அகலமான தொட்டி, களிமண், தொழுவுரம், மேலே இரண்டு விரல்கடை தண்ணீர், பாதி வெயில். நுனிக் குருத்துள்ள கிழங்குத் துண்டை மேலாக, படுக்கை வாட்டில் புதையுங்கள். வயலில் 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுவார்கள். கடையில் வாங்கிய காய்ந்த துண்டு முளைக்காது, பச்சைக் கிழங்குதான் வேண்டும். இலை கத்தி போல நீளமாக வரும், கசக்கினால் ஆரஞ்சுத் தோல் வாசனை. அந்த வாசனை இல்லாவிட்டால் உங்களுக்குக் கொடுத்தது வேறு செடி.

இலை மஞ்சளாகிக் காயும்போது, ஏறக்குறைய ஒரு வருடத்தில், தோண்டலாம். விரல் நீளத்துக்கு நறுக்கி நிழலில் காயவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்தால் வேரும் செதிலும் உதிரும்.

வசம்பை எப்படிச் சுடணும்? சுடாம உபயோகிச்சா என்ன?

உள்ளே கொடுக்கிற மருந்தாக இருந்தாலும் வயிற்றில் பூசுவதாக இருந்தாலும் குழந்தைக்குச் சுட்ட வசம்புதான் என்பது பாட்டிமார் மீறாத விதி. இரண்டு அங்குலத் துண்டைக் கழுவித் துடைத்து, ஊசியிலோ கம்பியிலோ குத்தி, விளக்கெண்ணெயில் தோய்த்து, நல்லெண்ணெய் விளக்கின் சுடரில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். முதலில் சீறும், புகையும், வாசனை அறையெங்கும் பரவும். அந்தப் புகைதான் வெளியேறும் எண்ணெய். புகை அடங்கித் துண்டு கனலத் தொடங்கியதும் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி அணைக்க வேண்டும். திறந்து விட்டால் சாம்பலாகிவிடும்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, மேல்தோல் கறுத்ததும் எடுத்துவிடுவது. ஆறிய பிறகு குறுக்கே ஒடித்துப் பாருங்கள். நடுவில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தால் அது பாதிப் பச்சை. நடுவரை கரியாக இருக்க வேண்டும். பச்சை வசம்பின் காரமும் குமட்டலும் அந்த எண்ணெயில் இருப்பவை. கொசுவத்தி, ஊதுபத்தி நெருப்பில் காட்டுவதும் எரிவாயு அடுப்பில் கருக்குவதும் வேகமாக முடியும், உள்ளே வேகாது.

குழந்தை வயிறு உப்புசத்துக்குத் தொப்புளைச் சுத்திப் போடலாமா?

போடலாம். வசம்பின் வீட்டு உபயோகங்களில் எங்களுக்குத் தயக்கமே இல்லாதது இதுதான். மேலே சொன்ன கரியைப் பொடித்து, ஒரு சிட்டிகையைச் சில துளி விளக்கெண்ணெயில் குழைத்து, தொப்புளைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குக் கடிகார முள் போகும் திசையில் மெல்லத் தடவ வேண்டும். குடல் நகரும் திசை அது. பாதிப் பலன் அந்தத் தடவலிலேயே இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

கொடி விழுந்து தொப்புள் முழுதும் ஆறும்வரை கூடாது. தோல் சிவந்தால் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், கல் போல இறுகிய வயிறு, பால் குடிக்க மறுப்பு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

உரமருந்துல வசம்பு எத்தனை சுத்து உரசணும்?

உரமருந்து அல்லது உரை மருந்து என்பது வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சில வீடுகளில் பெருங்காயம், பூண்டு ஆகியவற்றைச் சந்தனக்கல் போன்ற உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்துக் கொடுப்பது. கொட்டைகளையும் கிழங்குகளையும் முதலில் வேகவைத்து வெயிலில் காயவைத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை: மாசிக்காய் கட்டும், கடுக்காய் இளக்கும், சுக்கு வாயுவுக்கு. ஜாதிக்காய் மயக்கும். "மருந்து கொடுத்த அன்னிக்கு நல்லாத் தூங்கினான்" என்று சொல்வது பெரும்பாலும் ஜாதிக்காயின் வேலை, அதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுற்றுக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். மாறாத சிக்கல் ஒன்று உண்டு: சுற்று அளவே அல்ல. சொரசொரப்பான புதுக் கல்லில் ஒரு சுற்று, வழவழத்த பழைய கல்லின் ஒரு சுற்றைவிட அதிகம் இழைக்கும். நேற்றுக் கழுவி ஈரம் போகாத துண்டு இன்னும் அதிகம் கரையும். கை அழுத்தம் வேறு. வருடக்கணக்கில் ஒரே கல், ஒரே கை என்றிருந்த பாட்டிக்கு அது பிடிபட்ட அளவு. அவர் சொன்ன "ரெண்டு சுத்து" இன்னொருவர் கையில் இரண்டு சுற்றாக இருக்காது.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் இன்றைய குழந்தை மருத்துவ வழிகாட்டுதல். அதையே நாங்களும் சொல்வோம். அதற்கு மேற்பட்ட குழந்தைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் குழந்தையைப் பார்த்த சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் கொடுங்கள், தினமும் வேண்டாம். பயன்படுத்திய துண்டுகளைக் கழுவித் துடைத்து வெயிலில் காட்டாமல் டப்பாவில் மூடினால் மறுவாரம் பூசணத்தையும் சேர்த்துத்தான் உரசுவீர்கள்.

நாக்குல வசம்பு தடவினா சீக்கிரம் பேச்சு வருமா?

வசா என்றால் பேச்சு என்று மேலே சொன்னோமே, இந்தப் பழக்கத்துக்கு அந்தப் பெயரே பாதித் துணை. கேரளத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் பொன்னும் வயம்பும் தேனில் உரசித் தொட்டு வைக்கும் சடங்கு உண்டு. சாரஸ்வதாரிஷ்டம் போன்ற ஆயுர்வேத மருந்துகளிலும் வசம்பு சேர்கிறது. ஆனால் நாக்கில் தடவுவதால் பேச்சு முந்தி வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

காத்திருப்பதில்தான் ஆபத்து. ஒரு வயதில் மழலைச் சத்தமே இல்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. சடங்குக்காகத் தொட்டு வைப்பவர்கள் தேனையாவது விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும்.

கையில வசம்பு வளையல் கட்டலாமா?

வட்ட வட்டமாக நறுக்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டுவது. பச்சை வசம்பு அது, சுட்டதல்ல. மூன்று மாதம் தாண்டிய குழந்தை கையை வாயிலேயே வைத்திருக்கும். எச்சில் ஊறினால் வில்லை மெத்தென்று ஆகி உடையும், உடைந்த துண்டு தொண்டையில் அடைக்கலாம். பூச்சி அண்டாமல் இருக்கத்தான் என்றால் தொட்டில் கம்பத்தில், குழந்தையின் கை எட்டாத உயரத்தில், ஒரு முடிச்சு கட்டுங்கள். வாசனைக்கு அது போதும்.

அமெரிக்காவுல வசம்பைத் தடை பண்ணிட்டாங்களாமே? நம்ம மருந்தைப் பிடிக்காம செஞ்சதா?

1968இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது உண்மை. காரணம் வன்மம் அல்ல. ஜம்மு வசம்பு எண்ணெயைத் தொடர்ந்து உணவில் கலந்து கொடுத்த எலிகளுக்குச் சிறுகுடலில் கட்டிகள் வந்தன. குற்றவாளி, விதைச் சேமிப்பில் பார்த்த அதே பீட்டா அசரோன்.

இங்கேதான் மடங்குக் கணக்கு வருகிறது. வட அமெரிக்காவின் இருமடங்கு வகையில் பீட்டா அசரோன் இல்லை. ஐரோப்பிய மும்மடங்கு வகையில் கொஞ்சம். நான்மடங்கு வகையில் எண்ணெயின் பெரும்பகுதியே அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுவையூட்டிச் சட்டம் நான்மடங்கு வசம்பை மட்டும் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. நம் சந்தைச் சரக்கில் பீட்டா அசரோன் அதிகம், எந்த மடங்கு என்று பார்த்துச் சொல்ல முடியாது. எலிக்குக் கொடுத்தது வடித்தெடுத்த எண்ணெய், அதுவும் தொடர்ந்து, என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்போதோ ஒரு முறை ஒரு துளி கரி எடுப்பதும் அதுவும் ஒன்றல்ல. தினமும் பச்சைத் தூள் சாப்பிடுவதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

அப்போ சித்த, ஆயுர்வேத மருந்துல மட்டும் எப்படிச் சேர்க்குறாங்க? பெரியவங்க தினமும் தூள் சாப்பிடலாமா?

அளவோடு சேர்க்கிறார்கள். இந்திய ஆயுர்வேத மருந்துத் தர நூல் வசம்புத் தூளுக்குச் சொல்லும் அளவு 60 முதல் 120 மில்லிகிராம். வாந்தி எடுக்க வைப்பதற்கான அளவு 1 முதல் 2 கிராம். இரண்டுக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. தேக்கரண்டியில் தட்டி எடுத்தாலே இரண்டாவது அளவுக்குப் போய்விடுவீர்கள். "ஞாபக சக்திக்குத் தினமும் ஒரு ஸ்பூன்" என்று பரவும் குறிப்பைப் பின்பற்றியவர்கள் முதலில் சந்திப்பது வாந்தியை.

மருத்துவர் கொடுக்கும் மருந்தில் இது பல சரக்குகளில் ஒன்று, சுத்தி செய்தது, குறிப்பிட்ட நாள்வரைக்கும் மட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் வாய்வழியாக எடுக்கவே வேண்டாம். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

சுட்டுட்டா விஷம் சுத்தமாப் போயிடும்தானே?

ஆவியாகும் எண்ணெய் என்பதால் நடுவரை கரியானால் பெரும்பகுதி போய்விடும். சுத்தமாகப் போய்விட்டது என்று வீட்டு விளக்கில் உறுதி சொல்ல வழியில்லை. ஒரே துண்டிலேயே ஒரு முனை கரியாகவும் மறுமுனை பச்சையாகவும் இருப்பது சாதாரணம். உரைகல்லில் எந்த முனை படுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் வயிற்றில் பூசுவதற்குச் சரி என்றும், நாக்குக்கு யோசியுங்கள் என்றும் பிரித்துச் சொல்கிறோம்.

பிள்ளை ஒரு துண்டு பச்சை வசம்பைக் கடிச்சுத் தின்னுட்டான். என்ன செய்யணும்?

வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்து, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகலாம். வசம்பே வாந்தியை வரவழைக்கும். வந்தால் பிள்ளையைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் பிடியுங்கள்.

கைக்குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வளர்ந்த பிள்ளை நுனியை மட்டும் கடித்துத் துப்பிவிட்டால் கவனித்துக்கொண்டிருக்கலாம். வாந்தி நிற்கவில்லை, சோர்ந்து கண் செருகுகிறது, மூச்சு மாறுகிறது, உடம்பு வெட்டுகிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். மிச்சத் துண்டையும் அது இருந்த பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். கேட்டால் "நாட்டு மருந்து" என்று மட்டும் சொல்லாமல் வசம்பு என்று பேரைச் சொல்லுங்கள், ராத்திரியாக இருந்தாலும்.